ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரும், ஒத்தை ஆளும்

டிஸ்கி: இது அமெரிக்கன் ஃபுட்பால் பத்தின பதிவு. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஆட்டம். விதிமுறை தெரியாதேன்னு பாதியில எந்திரிச்சுப் போயிடாதீங்க, தேவையானதை நானே நடுநடுவுல சொல்லிடறேன் :-)

1999 ஆகஸ்ட்ல இ.எஸ்.பி.என் பத்திரிகை ஒரு அட்டைப்படம் போட்டது. கோட்டு சூட்டில் மாப்பிள்ளையாக மைக் டிட்கா, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளர். பக்கத்தில் வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்ணாக, சடை சடையாகத் தலைமுடி தொங்க, கட்டுமஸ்தான ஒரு 22 வயசுப் பையன். பேரு ரிக்கி வில்லியம்ஸ். இந்தக் 'கல்யாணம்' நடந்தப்ப பையன் என்.எஃப்.எல்லில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

ஆடாத ஒரு பையனுக்கு ஏன் இவ்வளவு அலப்பறை? அதுக்கு ரெண்டு விஷயம் தெரியணும்.

ஒண்ணு, ரன்னிங் பேக். குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கி, எதிரணி ஆட்களை இடிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடுறவர். நாலு முயற்சிக்குள்ள 10 கெஜம் முன்னேறணும் என்பது ஆட்டத்தின் அடிப்படை. அதனால ஒரு ஓட்டத்துக்குச் சராசரியா 4 கெஜத்துக்கு மேல எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர்தான்.

ரெண்டாவது, டிராஃப்ட். வருஷா வருஷம் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையா நின்னு பொறுக்கி எடுக்கும். போன வருஷம் மோசமா ஆடின அணிக்கு முதல் வாய்ப்பு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அதோட மறுபக்கத்தைப் பாருங்க. நாட்டிலேயே சிறந்த பையன், நாட்டிலேயே மோசமான அணிக்குப் போறான். போன உடனே அந்த ஊரே அவன் முகத்தைப் பார்க்குது.

செயின்ட்ஸ் ரசிகர்கள் பாவப்பட்ட ஜென்மங்கள். 1967ல் தொடங்கின அணி, 1999 வரைக்கும் ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. டிட்கா வந்து ரெண்டு வருஷம் ஆகியும் ரெண்டு வருஷமும் 6 வெற்றி, 10 தோல்வி. இந்த நேரத்தில்தான் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ரிக்கி வருகிறார். 1998ல் மட்டும் 2,124 கெஜம், கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன், டோனி டார்செட் வச்சிருந்த ஒட்டுமொத்த ஓட்ட சாதனையும் காலி.

டிட்காவுக்கு இன்னொரு ஞாபகம் வேற. அவர் சிகாகோ பேர்ஸ் பயிற்சியாளரா இருந்து 1985 சீசனில் சூப்பர் பவுல் ஜெயிச்சப்போ, அவரோட ரன்னிங் பேக் வால்டர் பேட்டன். ஒரு பெரிய ஓட்டக்காரன் இருந்தா கோப்பை நிச்சயம்னு மனுஷனுக்கு ஆழமான நம்பிக்கை. அந்த 1985 பேர்ஸின் தடுப்பாட்டம் எதிராளிகளை மூச்சுவிட விடாத தடுப்பாட்டம் என்பதை அவர் எப்படியோ கணக்கில் சேர்க்கலை.

செயின்ட்ஸுக்கு 12வது இடத்தில்தான் வாய்ப்பு. 5வது இடத்துக்கு ஏறணும்னா வாஷிங்டன் அணிக்கு விலை கொடுக்கணும். டிட்கா கொடுத்தார். 1999ல் கையில் மிச்சமிருந்த ஆறு தேர்வுகளும், கூடவே 2000த்தின் முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும். மொத்தம் எட்டு. அந்த வருஷம் முழுக்க செயின்ட்ஸ் எடுத்தது ஒரே ஒருத்தர், ரிக்கி மட்டும். டிட்கா ரிக்கி மாதிரி சடைமுடி விக் வச்சுக்கிட்டு போஸ் கொடுத்தார். ஊர் கொண்டாடியது.

சம்பள ஒப்பந்தமும் இதே எதிர்பார்ப்பில் எழுதப்பட்டதுதான். ராப் பாடகர் மாஸ்டர் பி நடத்தின நிறுவனம்தான் ரிக்கிக்காகப் பேரம் பேசியது. கையெழுத்துக்கு எட்டு மில்லியன் டாலருக்கு மேல கிடைச்சது. மீதி பெரும்பாலும் 'இத்தனை கெஜம் ஓடினால் இத்தனை' என்கிற ரகம். ரசிகன் கனவு காண்பதில் தப்பில்லை. சம்பளச் சீட்டே கனவு காண ஆரம்பிச்சா என்ன செய்ய?

இனி நிஜம். முதல் வருஷம் ரிக்கி அடிபட்டு அடிபட்டு 12 ஆட்டம் ஆடினார். 253 முறை பந்தைத் தூக்கி 884 கெஜம். சராசரி 3.5, டச்டவுன் வெறும் 2. அணி 3 வெற்றி, 13 தோல்வி. சீசன் முடிஞ்சதும் டிட்காவைத் தூக்கிட்டாங்க. அணி படுத்ததால், வாஷிங்டனுக்குக் கொடுத்த அடுத்த வருஷ முதல் சுற்றுத் தேர்வு 2வது இடமாக மதிப்பு ஏறிப்போச்சு, அதில் அவங்க லவார் ஆரிங்டனை எடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே, 1999ல் வாங்கின 12வது இடத்தைப் படியாக்கி 7வது இடத்துக்கு ஏறி சாம்ப் பெய்லியைப் பிடிச்சாங்க. 2019ல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்.

அதே டிராஃப்டில் ரிக்கிக்கு ஒரு இடம் முன்னாடி, 4வதாக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்த ரன்னிங் பேக் எட்ஜரின் ஜேம்ஸ். ரிக்கியை விட்டுட்டு இவரா என்று பலரும் கேட்டார்கள். ஜேம்ஸ் முதல் வருஷமே 1,553 கெஜம் ஓடி லீக்கில் முதலிடம். முந்தின வருஷம் 3-13 ஆக இருந்த கோல்ட்ஸ் 13-3.

'அப்ப ஜேம்ஸ்தான் பெரிய ஆள், ரிக்கி டுபாக்கூர்' என்று முடிவு கட்டத் தோணும். அவசரப்படாதீங்க மக்கா. ஜேம்ஸ் போய்ச் சேர்ந்த இடத்தில் பெய்டன் மானிங் பந்தை எறிய, மார்வின் ஹாரிசன் பிடிக்க என்று ஒரு கச்சேரியே நடந்துக்கிட்டிருந்தது. பந்து காற்றில் எப்ப பறக்குமோ என்கிற பயத்தில் எதிரணி ஆட்கள் பின்னால் தள்ளி நிற்கணும். முன்னால் ஆள் குறைந்தால் ஓடுறவனுக்கு வழி கிடைக்கும். நியூ ஆர்லியன்ஸில் அந்தப் பயம் யாருக்கும் இல்லை. எட்டுப் பேர் முன்னால் வந்து ரிக்கிக்காகவே காத்துக்கிட்டு நின்னாங்க. அவருக்கு வழி வெட்ட ஆள் சேர்க்கத் தேவைப்பட்ட தேர்வுகளைத்தான் அவருக்கே விலையாகக் கொடுத்திருந்தார்கள்!

பொட்டி தட்டுற நமக்கு இது புதுசா என்ன? தள்ளாடுற ப்ராஜெக்டில் ஒரு சூப்பர் ஆளைக் கொண்டுவந்து போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிற மேனேஜர் இல்லாத ஆபீஸ் உண்டா? டெலிவரி சொதப்பினா, முதல்ல அந்த சூப்பர் ஆள் பேருதான் நாறும்.

என்னை உறுத்துவது வேற விஷயம். அந்த நாட்களில் ரிக்கி பேட்டி கொடுக்கும்போது ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டார். கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி வேற. ஊரே கேலி பண்ணியது. திமிர் பிடிச்சவன், கிறுக்கன் என்றார்கள். பிறகுதான் அவருக்கு இருந்தது 'சோஷியல் ஆங்ஸைட்டி' என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். மனுஷங்க முகத்தைப் பார்த்துப் பேசவே நடுங்குகிற ஒரு பையனைத்தான் ஒரு நகரத்தின் ரட்சகனாக்கி, கவுன் மாட்டி, அட்டையில் நிறுத்தியிருந்தாங்க.

2002ல் அவரை மியாமிக்கு விற்றார்கள். அந்த வருஷமே 1,853 கெஜம், லீக்கில் முதலிடம். 2004ல் திடீர்னு ஓய்வு அறிவிச்சுட்டு, கலிபோர்னியாவில் ஆயுர்வேதம் படிக்கப் போனார். திரும்பி வந்து, மொத்தம் 10,000 கெஜத்தைத் தாண்டித்தான் விடைபெற்றார். இவரை 'தோத்தவன்' என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைப் பார்த்து எல்லாரும் பாடம் கத்துக்கிட்டாங்களா? 2012ல் க்ளீவ்லாண்ட் ப்ரவுன்ஸ் 4லிருந்து 3க்கு ஒரே ஒரு படி ஏற, கூடுதலா மூணு தேர்வுகளைக் கொடுத்து ட்ரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தது. 950 கெஜம், சராசரி 3.6. அதே டிராஃப்டில் 173வது ஆளாக வாஷிங்டனுக்குப் போன ஆல்ஃபிரட் மாரிஸ் 1,613 கெஜம் ஓடினார். 2013 செப்டம்பரில், ரெண்டாவது சீசனின் ரெண்டு ஆட்டம் முடிஞ்ச கையோட ரிச்சர்ட்சனைக் கோல்ட்ஸுக்குத் தள்ளிவிட்டாங்க. அங்கேயும் தேறலை. அதுக்கப்புறம் அணிகள் உஷாராகின. 2013, 2014 ரெண்டு வருஷமும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கலை.

ஆனாலும் ஆசை விடுமா? 2018ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் 2வது இடத்தில் சக்குவான் பார்க்லியை எடுத்தது. பையன் ஏமாத்தலை. 1,307 கெஜம், 91 பந்து பிடிச்சார், சிறந்த புதுமுக விருது. அணியோ 5 வெற்றி, 11 தோல்வி. ஆறு வருஷம் அங்கே உழைச்சும் ஊர் எதிர்பார்த்தது நடக்கலை. 2024ல் அவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு மாறினார். அங்கே முன்வரிசையில் மலை மாதிரி ஆட்கள் நின்னு வழி வெட்டினாங்க. ஒரே சீசனில் 2,005 கெஜம். 2025 பிப்ரவரி 9, அவரோட 28வது பிறந்தநாளன்று, ஈகிள்ஸ் 40-22 என்று சூப்பர் பவுல் ஜெயிச்சது.

ஆள் அதே ஆள்தான். கூட வடம் பிடிச்ச கைகள்தான் மாறியிருந்தது.

அந்த சூப்பர் பவுல் நடந்த மைதானம் எது தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். 1999ல் ஒரு 22 வயசுப் பையன் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டுக்குள்ள முகத்தை மறைச்சுக்கிட்டு, ஒத்தையா ஒரு தேரை இழுத்துப் பார்த்த அதே இடம்.