தன்பாலீர்ப்புப் பெண்களின் உடல்நல வரலாறு

பெண்கள் மீதே காதலும் பாலீர்ப்பும் கொள்ளும் பெண்கள் தன்பாலீர்ப்புப் பெண்கள் எனப்படுகின்றனர். இவர்களைக் குறிக்கும் ‘லெஸ்பியன்’ என்ற சொல், பண்டைய கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போ வாழ்ந்த லெஸ்போஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது. இவர்களுடைய உடல்நலத்தைத் தனியே ஆராயும் துறை மிகவும் இளையது. மருத்துவ உலகம் முதலில் இவர்களை நோயாளிகள் என்று சொன்னது. அந்தத் தவற்றைத் திருத்திக்கொண்ட பிறகு, இவர்களை நெடுங்காலம் கவனிக்காமலே இருந்தது. இரண்டு தவறுகளுக்கும் விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்களே.

இந்த வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளதால், இக்கட்டுரை பெரும்பாலும் அதையே பின்தொடர்கிறது. அங்கு ஏற்பட்ட மாற்றத்தைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனமும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அது இந்தியச் சட்டத்திலும் எதிரொலித்த விதமும், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றும் இறுதியில் கூறப்படுகின்றன.

நோய்ப் பட்டியலில் சேர்ந்த காதல்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தன்பால் உறவு பாவமாகவும் குற்றமாகவும் பார்க்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனநல மருத்துவர்கள் அதை நோய் என்று வகைப்படுத்தத் தொடங்கினர். ரிச்சர்ட் வான் கிராஃப்ட்-எபிங் 1886இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952இல் தன் முதல் நோய் வகைப்பாட்டுக் கையேட்டை வெளியிட்டபோது, தன்பாலீர்ப்பை ஆளுமைக் கோளாறுகளின் கீழ் சேர்த்தது.

கையேட்டில் இருந்த அந்த ஒரு பதிவின் விளைவுகள் பெரியவை. மகளின் காதலை அறிந்த பெற்றோர் அவளை மனநல மருத்துவமனையில் சேர்க்க முடிந்தது. ‘குணப்படுத்துதல்’ என்ற பெயரில் மின்னதிர்ச்சியும், வெறுப்பூட்டும் சிகிச்சை முறைகளும் பயன்படுத்தப்பட்டன. 1953இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை, தன்பாலீர்ப்பாளர்களைக் கூட்டாட்சி அரசுப் பணியிலிருந்து நீக்க வழி செய்தது. எனவே ஒரு பெண் தன்னைப் பற்றிய உண்மையை மருத்துவரிடம் சொன்னால் வேலையும் விடுதலையும் பறிபோகலாம் என்ற நிலை உருவானது. மருத்துவரிடம் மறைப்பது ஒரு தலைமுறைப் பெண்களுக்குத் தற்காப்பாக ஆயிற்று.

பெண்களே முன்வந்த ஆய்வுகள்

1955இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் ஆகிய இணையர் அவர்களுள் முதன்மையானவர்கள். அமெரிக்காவில் லெஸ்பியன் பெண்களுக்கென நாடளாவிய அளவில் வளர்ந்த முதல் அமைப்பு இதுவாகும். மறுஆண்டு ‘தி லேடர்’ என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆராய்ச்சிகளில் பங்குகொள்வதையும் இவ்வமைப்பு தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருந்தது.

அதற்குத் தக்க காரணம் இருந்தது. அதுவரை மனநல மருத்துவர்கள் எழுதியவை பெரும்பாலும் தம்மிடம் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றியவை. காய்ச்சல் வார்டில் படுத்திருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு, ஊர் முழுவதும் காய்ச்சல் என்று முடிவு கட்டுவதைப் போன்றது அது. சிகிச்சை எதுவும் தேவைப்படாமல் வேலைக்குச் சென்று, வீடு நடத்தி, வாழ்ந்துகொண்டிருந்த பெண்கள் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 1957இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையில் இல்லாத தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் மற்ற ஆண்கள் 30 பேரையும் ஒப்பிட்டது. உளவியல் சோதனை முடிவுகளைக் கொண்டு இவர்களைப் பிரித்தறிய வல்லுநர்களால் இயலவில்லை. பெண்களைப் பற்றி இங்கிலாந்தில் ஜூன் ஹாப்கின்ஸ் செய்த ஆய்வு 1969இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. லெஸ்பியன் பெண்கள் மனநோய்த் தன்மை உடையவர்கள் என்ற வழக்கமான கருத்துக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. அவர்கள் தன்னிச்சையும் தற்சார்பும் மிகுந்தவர்களாகவே காணப்பட்டனர்.

1972இல் டல்லாஸ் நகரில் நடந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்க மாநாட்டில், ‘தி லேடர்’ இதழின் முன்னாள் ஆசிரியர் பார்பரா கிட்டிங்ஸ் பங்கேற்ற அமர்வு ஒன்று நடைபெற்றது. அதில் ஜான் ஃப்ரையர் என்ற மனநல மருத்துவர், தாமும் தன்பாலீர்ப்பாளர் என்பதைச் சக மருத்துவர்கள் முன் கூறினார். வேலை போய்விடும் என்று அஞ்சி, முகமூடி அணிந்தும் பெயரை மறைத்தும் அவர் பேச வேண்டியிருந்தது. 1973 டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்ப்பாளர்கள் கோரியபடி 1974இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர்.

நோய்ப் பெயர் நீங்கிய பின்னும்

பட்டியலிலிருந்து பெயர் நீங்கியதால் நல்ல மருத்துவம் தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் இளம்பெண்கள் மருத்துவரிடம் செல்வதற்கு இரண்டு காரணங்களே முதன்மையாக இருந்தன. ஒன்று கருத்தடை, மற்றொன்று மகப்பேறு. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் பரிசோதனையும், மார்பகச் சோதனையும் அந்த வருகைகளின்போதே செய்யப்பட்டன. கருத்தடை மாத்திரை தேவைப்படாத பெண், ஆண்டுதோறும் நடைபெறும் அந்தச் சோதனைகளையும் தவறவிட்டாள்.

மருத்துவமனைக்குச் சென்றவர்களுக்கும் சங்கடம் காத்திருந்தது. படிவத்தில் திருமணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர் என்ற கட்டங்களே இருந்தன. என்ன கருத்தடை முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்பார். எதுவும் இல்லை என்றால் அறிவுரை தொடங்கும். பொய் சொல்வதா, உண்மையைச் சொல்லி முகச்சுளிப்பை ஏற்பதா என்ற தயக்கத்தில் பலர் அடுத்த முறை செல்வதையே தவிர்த்தனர். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கணவன் அல்லது மனைவியின் வேலை வழியாகக் கிடைத்த நாட்டில், சட்டம் ஏற்காத துணைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதனுடன் ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்தது. ஆண்களுடன் உறவு இல்லாத பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராது, அதனால் பரிசோதனை வேண்டாம் என்பதே அது. மருத்துவர்கள் சிலரும் அவ்வாறே கூறினர். இப்புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மனித பாப்பிலோமா வைரஸ் காரணமாகும். தோலும் தோலும் உரசுவதால் பரவும் இவ்வைரஸ் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவக்கூடியது. சியாட்டில் நகரில் ஜீன் மராசோவும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் செய்த ஆய்வுகள், ஆண்களுடன் ஒருபோதும் உறவு கொள்ளாத பெண்கள் சிலரிடமும் இவ்வைரஸ் இருப்பதைக் காட்டின.

தங்களுக்கென ஓர் இடம்

இந்நிலையில் பெண்கள் தாங்களே வழி தேடினர். 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் லெஸ்பியன் பெண்களுக்காக ஒரு மருத்துவ மையம் திறக்கப்பட்டது. டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் ஆகிய இருவரையும் சிறப்பிக்கும் வகையில் அதற்கு லயன்-மார்ட்டின் என்று பெயரிடப்பட்டது. தன் வாழ்க்கையைப் பற்றிப் பொய் சொல்லாமல் ஒரு பெண் பரிசோதனை செய்துகொள்ள முடிந்ததே அம்மையத்தின் சிறப்பு.

கறுப்பினக் கவிஞரும் லெஸ்பியனுமான ஆட்ரி லார்ட், மார்பகப் புற்றுநோயால் 1978இல் ஒரு மார்பகத்தை இழந்தார். அந்த அனுபவத்தை எழுதி 1980இல் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். அறுவைக்குப் பின் செயற்கை மார்பகம் அணிந்து இழப்பை மறைக்க வேண்டும் என்ற வற்புறுத்தலை அவர் அதில் கேள்விக்கு உட்படுத்தினார். புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, 1992இல் அவர் காலமானார்.

வாஷிங்டன் நகரில் மேரி-ஹெலன் மாட்னர் 1989இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய துணைவர் சூசன் ஹெஸ்டர் 1990இல் மாட்னர் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினார். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட லெஸ்பியன் பெண்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் துணைவர்களுக்கும் உதவுவதே அதன் பணியாக இருந்தது.

நோயாளியின் அருகில் யார்?

நோயின்போது அருகில் இருக்கும் உரிமையும் உடல்நலத்தின் ஒரு பகுதியே. மினசோட்டா மாநிலத்தில் 1983இல் ஒரு பெண் கார் விபத்தில் மூளையில் பலத்த காயம் அடைந்தார். அவருடன் வாழ்ந்த பெண்துணை அவரைப் பேச்சுக்கும் அசைவுக்கும் பழக்கிவந்தார். ஆனால் 1985இல் பாதுகாவலர் உரிமை முழுவதும் தந்தைக்குக் கிடைத்தது. பெண்துணை வந்து பார்ப்பது நிறுத்தப்பட்டது. பல ஆண்டுச் சட்டப் போராட்டத்திற்குப் பின், 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துணைவரையே பாதுகாவலராக ஏற்றது.

மருத்துவ உதவித் திட்டங்களில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள், நோயாளி விரும்பும் எவரையும் பார்வையாளராக அனுமதிக்க வேண்டும் என்ற விதி 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் 1953 முதல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். கலிஃபோர்னியாவில் சட்டப்படி அவர்கள் மணந்துகொள்ள முடிந்தது 2008 ஜூனில். அதே ஆண்டு ஆகஸ்டில் மார்ட்டின் இறந்தார். ஐம்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில், சட்டம் நிலையாக ஏற்ற காலம் சில வாரங்களே.

கணக்கில் இடம்பெற்ற பெண்கள்

எண்ணிக்கை இல்லாத குறைக்கு அரசு நிதி ஒதுக்காது. 1984-85இல் நடத்தப்பட்ட தேசிய லெஸ்பியன் உடல்நலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலுமிருந்து 1,925 பெண்கள் பங்கேற்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்வில் ஏதோவொரு நேரத்தில் தற்கொலை எண்ணம் தோன்றியிருந்தது. 18 விழுக்காட்டினர் முயன்றும் இருந்தனர். தாமாக முன்வந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால், இதை எல்லாப் பெண்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் துயரத்தின் அளவை அது எண்களில் காட்டியது.

அடுத்த படி, பொது ஆய்வுகளிலேயே இந்தக் கேள்வியைச் சேர்ப்பதாகும். 1989இல் தொடங்கிய இரண்டாம் செவிலியர் உடல்நல ஆய்வு, 1995இல் பங்கேற்பாளர்களிடம் பாலீர்ப்பு குறித்துக் கேட்டது. 2004இல் வெளியான பகுப்பாய்வில் இடம்பெற்ற சுமார் 90,000 செவிலியர்களில் 694 பேர் லெஸ்பியன் என்று குறிப்பிட்டிருந்தனர். குழந்தை பெறாமை, கூடுதல் மதுப் பழக்கம் முதலிய மார்பகப் புற்றுநோய் ஆபத்துக் காரணிகளும் மனச்சோர்வும் அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன.

1999இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் லெஸ்பியன் உடல்நலம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. லெஸ்பியனாக இருப்பதே நோய்க்குக் காரணம் என்று அது கூறவில்லை. மருத்துவம் எட்டாத நிலை, இழிவுபடுத்தலால் வரும் மன அழுத்தம், மகப்பேறு இன்மை போன்ற காரணிகள் சில ஆபத்துகளை மிகுதியாக்கக்கூடும் என்று அது விளக்கியது. உளவியலாளர் இலன் மேயர் 2003இல் விரிவாக முன்வைத்த ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்ற கருத்தும் இதற்குத் துணை நிற்கிறது. அவமதிப்பு, புறக்கணிப்பு, எப்போதும் மறைத்து வாழும் சுமை ஆகியவை நாள்தோறும் சேர்ந்து மனநலத்தைக் கெடுக்கின்றன என்பது அதன் சாரம்.

இந்தியாவும் சென்னைத் தீர்ப்பும்

உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று ஏற்ற புதிய பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் தன்பாலீர்ப்பு நோயாகச் சேர்க்கப்படவில்லை. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயைத் தீர்மானிக்க இந்த வகைப்பாடு உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களையே பின்பற்றச் சொல்கிறது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி மனநல சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் விருப்ப உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் ‘மாற்றும்’ முயற்சிகள் நின்றுவிடவில்லை. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, 2021இல் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினர். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் பற்றித் தமக்குப் போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். உளவியல் வல்லுநர் ஒருவரிடம் சென்று கேட்டறிந்த பின்பே அவர் உத்தரவு வழங்கினார். 2021 ஜூன் 7ஆம் நாள் உத்தரவு, பாலீர்ப்பை மருத்துவத்தின் மூலம் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. அவ்வாறு முயலும் மருத்துவர்களின் உரிமத்தை நீக்குவது உள்ளிட்ட நடவடிக்கைகளுக்கும் வழி வகுத்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய ‘மாற்று சிகிச்சை’யைத் தொழில்நெறி மீறல் என்று அறிவித்தது.

இன்றைய நிலை

திருமணமானவரா, எத்தனை குழந்தைகள் என்ற கேள்விகளுடனேயே நம் நாட்டிலும் பெண்களுக்கான மருத்துவம் பெரும்பாலும் தொடங்குகிறது. பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும், வயதுக்கேற்ற மார்பகப் பரிசோதனையும் மற்றப் பெண்களைப் போலவே தேவை. மனச்சோர்வு ஏற்பட்டால் அவர் நாட வேண்டியது மனச்சோர்வுக்கான சிகிச்சையை. அவருடைய காதலுக்கு மருந்து தேவையில்லை. மருத்துவர் இகழாமல் கேட்டு, கேட்டதை வெளியில் சொல்லாமல் காத்தால், பெண் தன் உடலைப் பற்றிய உண்மையைத் தயங்காமல் சொல்வார். சரியான சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்குகிறது.