எடுத்தலும் படுத்தலும்: ஏட்டில் ஏறாத ஓசை

பொத்தேரி ரயில் நிலையத்தில் மாலை வேளையில் நிற்பவர்களின் காதில் ஒரு தொடர் அடிக்கடி விழும்: ‘வண்டி போயிடுச்சு’. படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடிவரும் மாணவன் இதைக் கேள்வியாகச் சொல்கிறான். நடைமேடையில் நிற்பவர் அதையே விடையாகத் திருப்பிச் சொல்கிறார். வினாவைக் காட்டும் ‘ஆ’ கூட இல்லை. முன்னதில் இறுதியில் குரல் ஏறுகிறது, பின்னதில் இறங்குகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த ஏற்ற இறக்கத்தை நம் இலக்கணிகள் கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று எழுத்தாவதைச் சொல்கிறது. உள்ளே எழும் ஓசையை அளந்து கொள்வது அந்தணர் மறைக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டு, புறத்தே கேட்கும் ஒலியோடு நின்றுகொள்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் ஓரடி முன்னே வைத்தார். ஒரே இடத்தில் பிறக்கும் எழுத்துகளும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் முயற்சிகளால் சிறிது வேறுபடும் என்றார். உயர்த்தல், தாழ்த்தல், இரண்டிற்கும் இடைப்பட ஒலித்தல் என்பது பொருள்.

உரையாசிரியர்களோ இதைக் கொண்டு பொருளையே பிரித்தார்கள். ‘உண்டான்’ என்பது வினைமுற்று. அதையே படுத்தல் ஓசையால் சொன்னால் ‘உண்டவன்’ என்னும் பெயராகிவிடும். எழுத்தில் மாற்றமில்லை, இலக்கண வகையே மாறிவிட்டது.

இந்த ஓசைக்கு ஏட்டில் குறி உண்டா? இல்லை. வேதச் சுவடிகளில் எழுத்தின் மேலும் கீழும் சுரக்குறிகள் இடும் வழக்கம் இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதையே பெரும்பாலும் தவிர்த்த நம் ஓலைகளில் ஓசைக்குக் குறியீட்டை எங்கே எதிர்பார்ப்பது? அது முழுக்கச் செவியிடம் விடப்பட்டது.

செவி அதை எப்படிக் காப்பாற்றுகிறது? உட்செவியின் நத்தைச் சுருளில் உயர்ந்த ஒலி அடிப்பகுதியையும் தாழ்ந்த ஒலி நுனிப்பகுதியையும் அதிரச் செய்கிறது. இதை ஆராய்ந்த பேகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. ஆண்குரலின் ஏற்றம் பெண்குரலின் இறக்கத்தைவிடத் தாழ்ந்ததாக இருக்கலாம். பிறகு எப்படி இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கிறோம்? 2017இல் சான்பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழுவினர் இதற்கு விடை கண்டனர். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த பத்துப் பேரிடம் ஒரே வாக்கியங்களை வெவ்வேறு குரலிலும் வெவ்வேறு ஏற்ற இறக்கத்திலும் கேட்கச் செய்தனர். பொட்டுமடலின் மேல்மடிப்பில் சில புள்ளிகள் எழுத்தொலிக்கும், சில பேசுபவரின் குரலுக்கும், வேறு சில ஏற்ற இறக்கத்துக்கும் மட்டுமே விடையளித்தன. இந்த மூன்றாம் வகை, சுருதியின் தனி அளவைப் பார்ப்பதில்லை. அந்தந்தக் குரலின் வழக்கமான நிலையிலிருந்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதையே பார்க்கிறது.

எடுத்தலும் படுத்தலும் ஒப்புநோக்கிப் பேசும் சொற்கள்தாமே! எழுத்து வேறு, ஓசை வேறு என்று பிரித்த உரையாசிரியரின் செவியை நான் வியக்கிறேன்.

வருத்தமும் உண்டு. அவர் சொன்ன படுத்தல் ஓசை இன்று நமக்குப் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது. வகுப்பில் மூன்று சொற்களையும் இரண்டு மதிப்பெண் வினாவுக்காக எழுதிப் போடுகிறேன். மாணவர்களும் ஓசையின்றி எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த முறை கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், ‘உண்டான் வந்தான்’ என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லப் போகிறேன்.