மலையா தடை? நீலகிரியில் அணுகல் உரிமையும் 41ஆம் பிரிவின் எல்லையும்

மலை மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகள் பொதுவெளியிலிருந்து விலக்கப்படுவதற்கு நிலவமைப்பையே முதற்காரணமாகக் கொள்ளும் போக்கு ஆய்வுலகில் நிலைபெற்றுள்ளது. சரிவு இயற்கையானது, ஆகவே நீலகிரிக்குத் தளர்வான அளவுகோல் போதும் என்பது அதன் சாரம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41(1)(ஆ) கூறு இதற்குச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. அந்தச் சான்று இவ்வளவு பாரத்தைத் தாங்காது.

41(1) மூன்று கூறுகளைக் கொண்டது. (அ) பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றின் கழிப்பறை, பயணச்சீட்டு முகப்பு, வாகன நிறுத்துமிடம் பற்றியது. (ஆ) ஊர்திகள் பற்றியது. (இ) சாலைகள் பற்றியது. தொழில்நுட்பச் சாத்தியம், பாதுகாப்பு, செலவு கட்டுப்படியாகும் தன்மை, வடிவமைப்பில் பெருமாற்றமின்மை ஆகிய நிபந்தனைகள் (ஆ)வில் மட்டுமே வருகின்றன. அங்கும் பழைய ஊர்திகளை மாற்றியமைப்பது பற்றிய தொடரை ஒட்டியே அவை நிற்கின்றன. புதிய ஊர்திகளையும் அவை கட்டுப்படுத்துமா என்பதில் இரு வாசிப்புகளுக்கு இடமுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த வாசிப்பிலும் அவை (அ)வுக்கோ (இ)க்கோ தாவ முடியாது. பழைய பொதுக்கட்டடங்கள் பற்றிய 45ஆம் பிரிவும் மாநிலத்தின் ஆயத்தநிலையைப் பொறுத்துக் காலநீட்டிப்பு தரலாம் என்கிறதே ஒழிய, கடமையிலிருந்து விலக்கு அளிக்கவில்லை.

மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலை இவ்வாறு பிரித்துப் பார்த்தால் விளங்கும். பழைய பெட்டியின் குறுகிய வாசலைப் பற்றி (ஆ)வின் துணையோடு வாதாடலாம். குன்னூர் நிலையத்தின் கழிப்பறையைப் பற்றியோ சீட்டு முகப்பின் உயரத்தைப் பற்றியோ அப்படி வாதாட வழியில்லை. 2005இல் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியத் தகுதியைக் குறுக்கே நிறுத்துவோர் உண்டு. முகப்புப் பலகையை ஒரு முழம் தாழ்த்துவதால் எந்தப் பாரம்பரியமும் சரிந்துவிடாது.

இனி சரிவுக்கு வருவோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளம் ஏறும் செங்குத்தான ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பும் அதுவே. மலையில் சாய்தளம் நடக்காத காரியம் என்பதற்கு இதையே ஆதாரமாக்கலாம். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. இந்த ஏற்றம் மலை தந்ததல்ல. 1899இல் குன்னூரை எட்டிய பாதைக்காகப் பாறையைக் குடைந்தும் தடத்தை வளைத்தும் உண்டாக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். கொழுந்து ஏற்றிய லாரி இறங்குவதற்குச் சரிவை அணைத்தபடி வளைந்து போகும் சாலை உண்டு. லைன் வீட்டிலிருந்து தொழிலாளி மேலேறக் குறுக்குப்படி. சரக்குக்கு மலை வளைந்து கொடுத்தது, ஆளுக்குக் கொடுக்கவில்லை என்றால், அது நிலவியல் அல்ல, முன்னுரிமை.

படிக்கட்டின் கணக்கையும் பார்க்கலாம். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். மூன்று படிக்கு 5.4 மீட்டர். நெருக்கமான கடைவீதியில் அவ்வளவு இடம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் சரிவில் நிற்கும் கட்டடத்துக்குச் சமவெளியில் இல்லாத ஒரு வசதி உண்டு: கீழ்த்தளம் கீழ்ச்சாலையைத் தொட்டால் மேல்தளம் மேல்சாலையைத் தொடக்கூடும். இரு தளத்துக்கும் லிஃப்ட் இல்லாமலே சமதள வாசல் வைக்கலாம். எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தாது. பொருந்துமா என்று பார்க்காமலே கைவிரிப்பதைத்தான் மறுக்கிறேன்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த, இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 15(1)ஆம் விதியைச் செல்லாதென அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. தனி ஒருவர் கேட்கும்போது செய்து தரும் தகவமைப்பையும், எவரும் கேட்கும் முன்பே இருக்க வேண்டிய அணுகலையும் தீர்ப்பு வேறுபடுத்தியது. சக்கர நாற்காலியில் வருவோர் மிகச் சிலரே என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை: படியைப் பார்த்துத் திரும்பிப் போனவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாற வேண்டும். சரிவைக் காரணம் சொல்லும் அலுவலகம், தன் கட்டடத்தின் எந்தத் தளம் எந்தச் சாலையின் மட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை முதலில் முன்வைக்கட்டும். விலக்குக் கேட்பது அதற்குப் பிறகு.