திண்ணை முதல் ட்யூஷன் வரை: திண்டுக்கல் சமவெளியில் வடிவியல் கற்ற வரலாறு

கணக்கில் தடுமாறும் பிள்ளை யாரிடம் போய்க் கேட்டது? தமிழகக் கல்வி வரலாற்றை எழுதியவர்கள் பள்ளிகளை எண்ணினார்கள், பாடத்திட்டங்களை ஒப்பிட்டார்கள், அரசாணைகளைத் தொகுத்தார்கள். இந்த எளிய கேள்விக்கு அவர்கள் அதிக இடம் கொடுக்கவில்லை. திண்டுக்கல் நகரையும் அதைச் சுற்றிய சமவெளியையும் மையமாக வைத்து, இரண்டு நூற்றாண்டுகளில் அந்தத் துணை எப்படி இடம் மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வடிவியலை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. கூட்டல் கழித்தலை வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு தேற்றத்தை நிறுவ உதவுவதற்கோ, அப்படி நிறுவிப் பழகிய ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அளவை தொடங்கியது. 1790களின் பிற்பகுதியில் கலெக்டராக இருந்த ஹர்டிஸ் இச்சீமையின் நிலங்களை அளக்கச் செய்தார். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய, அளவையாளர் லாம்டனின் முக்கோண அளவை, பின்னர் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரி வரை இறங்கியது. திண்டுக்கல் நகரம் கிட்டத்தட்ட அந்தத் தீர்க்கரேகையின் மேலேயே அமைந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய வடிவியல் முயற்சிகளுள் ஒன்று இந்தச் சமவெளியின் வழியாகக் கடந்து போனது. அதன் கணிதத்தை இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் படித்தது திண்ணையில். 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டு நடந்த கணக்கெடுப்பில், சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. அங்கே படித்தது எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவை. நிலப்பரப்பு தொடர்பான கணிதமெல்லாம் குழிமாற்றில் அடங்கியது. கோலால் அளந்த நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குழியாக்கி, 100 குழியை ஒரு மாவாக்கி, 20 மாவை ஒரு வேலியாக்கும் கணக்கு அது.

காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ போன்ற நூல்கள் அதற்கு அடுத்த படி. வட்டத்தின் பரப்புக்கு அந்நூல் மரபு சொல்லும் வழி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. 14 அடி விட்டமுள்ள கிணற்றின் சுற்றளவை 44 அடி எனக் கொண்டால், 22ஐ 7ஆல் பெருக்க 154 சதுர அடி கிடைக்கும். இன்றைய பாடநூல் சூத்திரம் தருவதும் இதே விடைதான். ஏன் அப்படி வருகிறது என்ற நிறுவலை அந்தப் பாடல்கள் தருவதில்லை. ஆனால் அளக்கும் பொருள் பிள்ளையின் கண்முன்னே இருந்தது.

துணை எங்கே இருந்தது? பள்ளிக்கு உள்ளேயே. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தடுமாறியவன் பக்கத்தில் இருப்பவன் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினான். தனியாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்ய வேண்டிய கணக்கு என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பேர்பெற்ற முறை அது.

திண்ணையைப் பொற்காலமாக்குவது தவறு. பெண்பிள்ளைகள் அங்கே மிகச் சிலர்தான். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே இல்லை. பிரம்படி அன்றாடம் விழுந்தது. நில அளவைக் கணக்கு ஊர்க் கணக்குப்பிள்ளையின் குடும்பச் சொத்தாக இருந்து, உழுகிறவரை அவரிடம் கைகட்டி நிற்க வைத்தது. கர்ணம் எனப்பட்ட அந்தப் பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி 1980இல்தான் ஒழிந்தது. இத்தனையும் உண்மை. திண்ணையின் நினைவுப் பயிற்சியை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்க முடியாது என்பதும் உண்மை. மனக்கணக்கே அங்கே கணக்கிடும் முறையாக இருந்தது என்பதை ஆய்வாளர் செந்தில் பாபுவின் 2022ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகிறது.

யூக்ளிட் வேறு பாதையில் வந்தார். யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையிலும் 1835இல் திண்டுக்கல்லிலும் பணி தொடங்கினார்கள். அவர்களுடைய வட்டுக்கோட்டைச் செமினரியில் யூக்ளிட்டின் வடிவியலும் திரிகோண கணிதமும் ஏற்கெனவே பாடமாக இருந்தன. அங்கே படித்த கரோல் விசுவநாத பிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்ற இயற்கணித நூலைத் தமிழிலேயே வெளியிட்டார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. மேலைக் கணிதத்தைத் தமிழில் கற்பிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு யூக்ளிட்டை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருந்தது. நிறுவல்களைப் புரிந்து எழுதியவர்கள் சிலர். வரி பிசகாமல் ஒப்பித்து எழுதியவர்கள் பலர். துணை பள்ளியைவிட்டு வெளியே நகரத் தொடங்கியது இங்கேதான் என்று கருதுகிறேன். அளந்து பார்த்துச் சொல்லும் தந்தைக்கும், கோல் போட்டுக் குழி சொல்லும் கர்ணத்துக்கும் அந்த நிறுவலில் வேலையே இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் வடிவியலைப் பிள்ளைகளின் கைக்கு மீட்டுத் தர முயன்றவர்களுள் முதலாகச் சொல்ல வேண்டியவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர், வருவாய்த் துறை அலுவலர் ஒருவர். கும்பகோணத்தில் பிறந்த தா. சுந்தர ராவ் 1893இல் சென்னையில், காகித மடிப்பின் மூலம் வடிவியல் பயிலும் முறையை ஆங்கில நூலாக வெளியிட்டார். ஒரு முக்கோணத் தாளின் உச்சியை அடிப்பக்கத்துக்கு மடித்து, மற்ற இரு மூலைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்தால், மூன்று கோணங்களும் ஒரு நேர்கோட்டில் அடுத்தடுத்து உட்காரும். கூடுதல் 180 பாகை என்பதைப் பிள்ளை தன் விரலாலேயே கண்டுகொள்ளும். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்கப் பதிப்பும் வந்தது. 1907இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்ட வி. ராமஸ்வாமி ஐயரும் துணை கலெக்டர்தான், வடிவியலில் தீராத ஈடுபாடு கொண்டவர். நிலத்தை அளந்து வரி வைக்கும் துறையிலிருந்து இருவர் வடிவியலுக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சீனிவாச ராமானுஜன் வாழ்க்கையும் இங்கே ஒரு செய்தி சொல்கிறது. 1903இல் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் தொகுப்பு, கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயாரித்த ஒரு தனிப் பயிற்சியாளரின் குறிப்புகளிலிருந்து உருவானது. நிறுவல்கள் குறைவு, முடிவுகள் ஏராளம். ட்யூஷன் நோட்ஸ் ஒரு மேதையின் கையில் எப்படிப் பூத்தது என்பதை உலகம் அறியும். அதே ராமானுஜன் எஃப்.ஏ. எனும் கல்லூரித் தேர்வில் தேறவில்லை, வயிற்றுப்பாட்டுக்காகத் தாமே ட்யூஷன் எடுத்தார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. முடிவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு ஏனென்று தாமே கண்டுபிடிக்கும் பிள்ளைகள் அரிதிலும் அரிது. ஒரு கல்வி முறையை அவர்களை நம்பி நடத்த முடியாது.

1947இல் டாக்டர் சௌந்திரம் ராமச்சந்திரனும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டியை அடுத்து காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, வேறொரு வழி திறந்தது. ஆதாரக் கல்வியின் கொள்கை, கைத்தொழிலிலிருந்தே கணக்கு வர வேண்டும் என்பது. நூற்ற நூலின் நீளம், தறியின் அகலம், பாத்தியின் பரப்பு ஆகியவையே பாடம். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமும் அங்கே எழுந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கொள்கையில் குறை காண முடியாது. ஆனால் மாநிலத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு அந்தக் கொள்கைக்கு வெளியே நின்றது. வேலைக்கான வாசல் தேர்வாகவே இருந்தபடியால், பெற்றோர் தேர்வின் பக்கம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

காமராசர் ஆட்சிக் காலத்தில் (1954–1963) பள்ளிகள் பெருகின. பூட்டுத் தொழிலாளியின் பிள்ளையும், தோல் பதனிடுபவரின் பிள்ளையும், சின்னாளபட்டி நெசவாளியின் பிள்ளையும் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்த தலைமுறை அது. தமிழ்ச் சமூகத்தின் பெருமைகளுள் தலையாயது இது. கூடவே ஒரு புதிய நிலையும் உண்டாயிற்று. அரத்தால் தேய்த்துத் தேய்த்து நெம்புகோலும் சாவிப் பல்லும் மயிரிழை பிசகாமல் பொருந்தச் செய்யும் பூட்டுத் தொழிலாளியின் கைகளுக்கு, சமச்சீரும் வட்டமும் கோணமும் அத்துப்படி. அந்தத் தொழிலாளியின் முன்னே அவர் மகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நீட்டினால், “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, சார்கிட்ட கேளு” என்கிறார். தெரிந்தவர் தெரியாதவராகிப் போன இந்த இடத்தில்தான் ட்யூஷன் நுழைந்தது.

நாடு முழுவதும் கிராமப்புறங்களில் 1 முதல் 8 வரையான வகுப்புகளில் கட்டண ட்யூஷனுக்குச் செல்வோர், ஏசர் கல்வி ஆய்வின்படி, 2018இல் 26.4 விழுக்காடாக இருந்து 2022இல் 30.5 விழுக்காடாயினர். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. தேவை தீராதபோது தடை மட்டும் எதையும் தீர்ப்பதில்லை.

ட்யூஷனில் நடக்கும் வடிவியல் எப்படிப்பட்டது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியல் வினாவுக்கு 8 மதிப்பெண். ‘படம் போட்டா எட்டு மார்க் கைல’ என்பது மாணவர் வழக்கு. அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, உச்சியிலிருந்து நடுக்கோடு 5 செ.மீ. எனத் தந்து முக்கோணம் வரையச் சொன்னால், நன்கு பழகிய மாணவி சில நிமிடங்களில் வரைந்துவிடுவாள். அடிப்பக்கத்தின் ஒரு முனையில் கீழ்நோக்கி 60 பாகை, அந்தக் கோட்டுக்குச் செங்குத்து, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, இரண்டும் வெட்டும் புள்ளியை மையமாக்கி வட்டம், நடுப்புள்ளியிலிருந்து 5 செ.மீ. வில். காம்பஸ் சரியாகச் சுழலும்.

உச்சியில் வேண்டிய 60 பாகையை ஏன் கீழே வரைந்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதில். கீழே வரைந்த கோடு வட்டத்துக்குத் தொடுகோடு, அடிப்பக்கம் நாண், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் நாணின் மறுபக்கத்து வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம். அதனால் மேலே பெரிய வில்லில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் 60 பாகைதான். நடுக்கோட்டின் நீளம் அந்தப் புள்ளிகளில் எது வேண்டும் என்று தேர்ந்துகொடுக்கிறது, அவ்வளவே. இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கூட்டமான ட்யூஷனில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை, ஏனென்றால் மதிப்பெண் படத்துக்கே வந்துவிடுகிறது. வட்டுக்கோட்டை வழியாகவும் பல்கலைக்கழக வழியாகவும் வந்த நிறுவலைத் தேர்வும் ட்யூஷனும் சேர்ந்து கழற்றிவிட்டன. திண்ணையில் நிறுவல் இல்லாவிட்டாலும் நிலம் இருந்தது. இன்று இரண்டும் இல்லை.

பொதுத் துணையைத் தெருவுக்கே கொண்டுவந்த முயற்சியாக 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வரலாற்றில் இடம்பெறும். மாலையில், தெருவிலேயே, அவ்வூர்த் தன்னார்வலர் ஒருவரிடம், கட்டணமின்றிப் பிள்ளைகள் கூடிப் படித்தார்கள். சட்டாம்பிள்ளை முறையின் நல்ல பகுதியை, சாதியும் பிரம்பும் நீக்கி, அரசே திருப்பித் தந்தது என்று இதை நான் வாசிக்கிறேன். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. தேல்ஸ் தேற்றமும் தொடுகோடும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பிள்ளைக்கு வீட்டில் கைகொடுக்க ஆளில்லாமல் போகும் வகுப்புகள் ஒன்பதும் பத்தும்.

திண்டுக்கல்லில் கணிதம் படித்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. காந்திகிராமத்திலும், 1964இல் தொடங்கிய ஜி.டி.என். கல்லூரியிலும் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வருகிறார்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் தந்து, ஒன்பது, பத்தாம் வகுப்பு வடிவியலுக்கென்றே மாலை வகுப்புகளை ஊராட்சிதோறும் நடத்தலாம். செய்முறை வடிவியல் வினாவிலேயே ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அதற்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கலாம். இரண்டையும் செய்யப் பள்ளிக் கல்வித் துறைக்கு ஓர் ஆணை போதும். அதை வரும் கல்வியாண்டுக்கு முன்பே பிறப்பிக்க வேண்டும்.