கம்ப்யூட்டர் கொதிக்குதா? புது ஃபேன் வாங்கும் முன் இதைப் பாருங்க!

கேம் விளையாடும்போது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திணறுகிறதா? பிராசஸர் அளவுக்கு மீறி சூடானால், தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடனே இன்னொரு ஃபேன் வாங்க ஓடாதீங்க. முதலில் காற்று போகும் வழியைக் கவனிங்க.

எந்தப் பக்கம் மாட்டணும்?

குளிர்ந்த காற்று முன்பக்கம் வழியாக உள்ளே வரணும். சூடான காற்று பின்பக்கம், மேல்பக்கம் வழியாக வெளியேறணும். பெரும்பாலான ஃபேன்களில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே வரும்.

பிரஷர் என்றால் என்ன?

உள்ளே வரும் காற்று அதிகமென்றால் 'பாசிட்டிவ் பிரஷர்'. மிச்சக் காற்று இடுக்குகள் வழியாக வெளியே போவதால், அங்கே தூசி நுழைவது குறையும். வெளியேற்றும் ஃபேன்கள் அதிகமென்றால் 'நெகட்டிவ் பிரஷர்'. ஃபில்டர் இல்லாத இடுக்குகளில் இருந்தும் தூசியை உள்ளே இழுக்கும்.

எது பெஸ்ட்?

தூசி அதிகமுள்ள வீட்டுக்கு லேசான பாசிட்டிவ் பிரஷர் நல்லது. முன்னால் 2, பின்னால் 1 என ஒரே மாதிரி 120 மி.மீ. ஃபேன்கள் போதுமான தொடக்கம். ஃபில்டர், ரேடியேட்டர் போன்ற தடை உள்ள இடத்துக்கு 'ஸ்டேட்டிக் பிரஷர்' வகை ஃபேன். தடை இல்லாத பின்பக்கத்துக்கு 'ஏர்ஃப்ளோ' வகை.

ஆனா ஒரு விஷயம்!

ஃபில்டரில் தூசி அடைத்தால் உள்ளே வரும் காற்று குறைந்து, பாசிட்டிவ் பிரஷரே நெகட்டிவ் ஆகிவிடும். பின்பக்க இடுக்கு அருகே டிஷ்யூ பேப்பரைப் பிடிங்க. வெளியே தள்ளினால் பாசிட்டிவ். உள்பக்கம் ஒட்டினால் நெகட்டிவ். அப்போ பிளக்கைக் கழற்றிவிட்டு, முதலில் ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்க. செலவே இல்லாமல் சூடு குறையலாம்!