பிடுங்கி நடப்பட்ட ஊர்கள்

பானில் கோடை வந்தால் பிள்ளைகளை நீந்த அழைத்துப்போகும் இடங்களில் ஒன்று ப்ரூல் ஊரை ஒட்டிய ஹைடர் பெர்க்சே. சுமார் இருபது கிலோமீட்டர். சுற்றிலும் காடு, நடுவில் ஏரி. அது கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் என்பது பல வருடங்கள் எனக்குத் தெரியாது. பானுக்கும் கொலோனுக்கும் மேற்கே நீளும் ஃபில்லெ மேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பழுப்பு நிலக்கரி வெட்டினார்கள். கரி தீர்ந்ததும் சுரங்கங்கள் வடக்கேயும் மேற்கேயும் நகர்ந்தன. பள்ளங்களில் தண்ணீர் நின்றது.

அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நெய்வேலி ஞாபகம் வந்தது. நான் விருத்தாசலத்தில் வளர்ந்தவன். பள்ளிச் சுற்றுலாவில் சுரங்க விளிம்பில் நிற்கவைத்து, வாளிகள் கோத்த ராட்சதச் சக்கரம் மண்ணைக் கரகரவென்று அள்ளுவதைக் காட்டினார்கள். "மேற்கு ஜெர்மனி மிஷின்" என்றார் வாத்தியார் பெருமையோடு. அந்த மேற்கு ஜெர்மனியின் தலைநகரில் குடியிருப்பேன் என்றோ, அதே மாதிரி இயந்திரங்கள் இங்கேயும் ஊர்களைத் தின்றன என்றோ அன்று எப்படித் தெரியும்?

நெய்வேலியின் கதை நம்பிக்கையோடு தொடங்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது. மின்சாரம் வந்தது, நகரியம் வந்தது, ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் வந்தது. இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. ஆனால் முந்திரியும் பலாவும் மல்லாட்டையும் விளைந்த செம்மண்ணில் இருந்த ஊர்கள் போயின. அக்காலத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்குப் பட்டா வைத்திருந்தவரைத்தான் தெரியும். அந்த நிலத்தில் களையெடுத்தவளையும் முந்திரி பொறுக்கியவளையும் தெரியாது. வீட்டுக்கொரு நிரந்தர வேலை என்ற கோரிக்கை இன்றும் ஓயாததற்குக் காரணம் அதுதான்.

ரைன்லாந்தில் என்ன செய்தார்கள்? இங்கே 40,000 பேருக்கு மேல் இடம்பெயர்க்கப்பட்டார்கள். கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்குப் பெயர் தந்த ஊரே இப்போது பழைய இடத்தில் இல்லை. ஆனால் இங்கே ஊரை ஊராகவே பெயர்த்து நட்டார்கள். இம்மராத் கிராமத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் புதிய இம்மராத் எழுந்தது. அக்கம்பக்கத்தார் பலர் ஒன்றாகப் போனார்கள். கல்லறைகளையும் தோண்டி எடுத்துப் போனார்கள். உழவர்களுக்கு மாற்று நிலம் உண்டு. நிரப்பிய பள்ளத்தின்மேல் பழைய வண்டல்மண்ணைப் பரப்பி, முதல் சில ஆண்டுகள் லூசர்ன் என்ற தீவனப்பயிர் போட்டு மண்ணைத் தேற்றுகிறார்கள்.

நான் பொறாமையோடுதான் இதைப் படித்தேன். பிறகு இம்மராத் வழக்கைப் படித்தேன். சொந்த ஊரில் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று அவ்வூர்க்காரர் ஒருவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். நிலம் பறிக்கப்படுமுன் உரிய நேரத்தில் நீதிமன்றத்தை நாடும் வழி உடைமையாளருக்கு வேண்டும் என்று 2013 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'சொந்த ஊருக்கான உரிமை' என்று தனியாக ஒன்று சாசனத்தில் இல்லை என்றும் சொல்லிவிட்டது. 2018 ஜனவரியில் இம்மராத்தின் இரட்டைக் கோபுரத் தேவாலயம் இடிக்கப்பட்டது. ஆக, நல்ல சட்டமும் இழப்பீட்டைத்தான் கூட்டித் தந்தது. 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையைத் தரவில்லை.

2022இல் ரைன்லாந்தின் நிலக்கரியை 2030க்குள் நிறுத்துவதென்று முடிவானது. ஐந்து கிராமங்கள் தப்பின. அதற்குள் அவற்றின் மக்களில் பெரும்பாலோர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். தப்பாத லுட்சராத் 2023 ஜனவரியில் காலிசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காகப் பச்சை நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். நெல்லுக்கு விலை போட முடிந்தது.

நெய்வேலி நகரியத்துக்குள் வேலுடையான்பட்டு முருகன் கோயில் இன்றும் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் வரும். எந்த ஊர் என்று கேட்டால், சுரங்கத்துக்குள் போய்விட்ட ஊரின் பெயரையே சொல்லும் பெரியவர்களைச் சிறுவயதில் அங்கே பார்த்திருக்கிறேன். அவர்கள் பிழை சொல்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது பானில் யாராவது என்னிடம் எந்த ஊர் என்று கேட்டால், நானும் உடனே விருத்தாசலம் என்றுதான் சொல்கிறேன். எனக்காவது திரும்பிப் போய்ப் பார்க்க அது அங்கே இருக்கிறது.