மாரிஸ்தானும் மேற்பார்வையும்

எகிப்தை ஆண்ட அமீர் அஹ்மத் இப்னு தூலூன் ஹிஜ்ரி 259ஆம் ஆண்டில் (கி.பி. 872-73) ஒரு மருத்துவமனையைக் கட்டுவித்தார். அதற்கு முன்னர் எகிப்து மண்ணில் அத்தகையதொன்று இருந்ததில்லை என்பதும், அதற்காக 60,000 தீனார் செலவாயிற்று என்பதும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி தரும் செய்திகள். அங்கே படைவீரனுக்கும் அடிமைச் சேவகனுக்கும் இடமில்லை. அது பொதுமக்களுக்கென்றே ஏற்பட்டது. உள்ளே வரும் நோயாளியின் ஆடையையும் பணத்தையும் வாங்கி ஒரு நம்பிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு ஆடை உடுத்தி, படுக்கை விரித்து, மருந்தும் உணவும் கொடுப்பார்கள். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் தின்னும் அளவுக்குத் தேறிவிட்டால், அவருடைய பொருளைத் திருப்பிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோய் தீர்ந்ததற்கு இதைவிட எளிய அளவுகோலை நாம் எந்த மருத்துவ நூலிலும் கண்டதில்லை!

இதன் செலவுக்காகக் கடைவீதிகளின் வருமானத்தை வக்ஃபு செய்ததோடு அமீர் நின்றுவிடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தாமே அங்குச் செல்வார். மருந்துச் சாலையைத் திறந்து பார்ப்பார், மருத்துவர்களை விசாரிப்பார், நோயாளிகளை நலம் வினவுவார், அடைத்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளையும் பார்த்துவிட்டே திரும்புவார். அப்படிச் சென்ற ஒரு நாளில், அவர்களுள் ஒருவர் அமீரை அழைத்தார். தாம் பைத்தியக்காரர் அல்லர் என்றும், தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்து அங்கே அடைத்துவிட்டார்கள் என்றும் முறையிட்டார். பெரிய மாதுளம்பழம் ஒன்றின்மீது தமக்கு ஆசையாக இருக்கிறது என்றும் கேட்டார். அமீர் உடனே பழம் வரவழைத்துக் கொடுத்தார். அவர் மகிழ்ந்து, பழத்தைக் கையில் ஏந்தி அசைத்து அசைத்துப் பார்த்தார். அமீர் சற்றுக் கவனம் தவறிய வேளையில் அவருடைய மார்பை நோக்கி வீசி எறிந்துவிட்டார். பழம் உடைந்து ஆடையெல்லாம் தெறித்தது. அந்த மனிதரைக் கவனமாகக் காவல் காக்குமாறு சொல்லிவிட்டு அமீர் வெளியேறினார். அதன் பின்னர் அவர் அந்த மருத்துவமனையைப் பார்வையிட வரவே இல்லை என்று மக்ரீஸி முடிக்கிறார்.

இக்கதையை நாம் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அரபி வாசகம் கடினமாக இருக்கும் நாட்களில் வகுப்பைக் கலகலப்பாக்க இது உதவும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நாமும் சிரிப்போம். ஒரு மாதுளம்பழத்தால் நின்றுபோனது எது என்பதை நாம் எண்ணிப் பார்த்தது மிகப் பிற்காலத்தில்தான்.

‘பீமார்’ என்றால் நோயாளி, ‘ஸ்தான்’ என்றால் இடம். இரண்டும் பாரசீகச் சொற்கள். ‘பீமாரிஸ்தான்’ என்பது அரபு நாவில் ‘மாரிஸ்தான்’ எனச் சுருங்கிற்று. எல்லா நோயாளிகளுக்கும் உரியதாயிருந்த அச்சொல் பிற்காலப் பேச்சு வழக்கில் பைத்தியக்கார விடுதி என்ற பொருளுக்கே குறுகிப்போனது. மற்ற நோயாளிகள் குணமடைந்தோ இறந்தோ வெளியேற, இவர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள் போலும். மருத்துவமனையின் வக்ஃபை நிர்வகித்தவருக்கு ‘நாளிர்’ என்று பெயர். ‘நளர்’ என்றால் பார்வை. ஆகவே நாளிர் என்றால் பார்ப்பவர். நம் ஊர்களில் ‘முத்தவல்லி’ என்கிறோம். அது பொறுப்பேற்றவர் என்று பொருள்படும். பொறுப்பை ஒருவர் வீட்டிலிருந்தபடியே ஏற்றுக்கொள்ள முடியும். பார்க்க வேண்டுமானால் நேரில் போயாக வேண்டும்.

நாளிர் பார்க்கத் தவறினால் அவரை யார் பார்ப்பது? கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் இக்கேள்வி எழுந்தது. கலீஃபா முதவக்கிலின் தாயார் ஷுஜாஉ விட்டுச் சென்ற வக்ஃபின் வருமானத்தில் ஒரு பகுதி ஹாஷிம் குலத்தாருக்கும், ஒரு பகுதி பத்ர் என்பவர் நிறுவிய மருத்துவமனைக்கும் உரியது. நிர்வாகி குலத்தாருக்கு முதலில் கொடுத்துவிட்டு மருத்துவமனையின் பங்கைத் தாமதப்படுத்தினார். கேட்பாரற்ற நோயாளிகளுக்கு முன்னால் செல்வாக்குள்ள குலத்தார் வந்து நின்றால் எந்த நிர்வாகிதான் வேறு விதமாக நடப்பார்! குளிர்காலத்தில் கரியும் உணவும் போர்வையும் இன்றி நோயாளிகள் வாடினர். மருத்துவமனைகளின் தலைவராயிருந்த ஸினான் இப்னு ஸாபித் அமைச்சர் அலீ இப்னு ஈஸாவுக்கு எழுதினார். அமைச்சர் நிர்வாகியைக் கடிந்து, மருத்துவமனையின் பங்கை முற்படுத்துமாறு கட்டளையிட்டார். இதனை மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்துள்ளார். இந்த ஸினான் முஸ்லிம் குலத்தில் பிறந்தவர் அல்லர். ஹர்ரான் நகரத்து ஸாபியீன்களின் வழிவந்தவர். ஹிஜ்ரி 319இல், மருத்துவர் ஒருவரின் பிழையால் ஓர் உயிர் போனபோது, தேர்வில் தேறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று கலீஃபா முக்ததிர் முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். அத்தேர்வை நடத்தும் பொறுப்பும் ஸினானுக்கே வந்தது. பக்தாதில் மட்டும் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அப்போது தேர்வுக்கு உரியோராயிருந்தனர்.

ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு ஜுபைர் கி.பி. 1183இல் கெய்ரோ வந்தபோது, சுல்தான் ஸலாஹுத்தீன் நிறுவிய மருத்துவமனையைக் கண்டார். மனநோயாளர்க்கென இரும்புச் சாளரங்கள் கொண்ட அறைகள் அங்கே தனியே இருந்தன. அவர்கள் நிலையைத் தினமும் விசாரித்து வேண்டியதைக் கொடுக்க ஆட்கள் இருந்ததையும், சுல்தான் அவற்றையெல்லாம் கேட்டறிந்து வந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அடுத்த ஆண்டு டமாஸ்கஸில் மனநோயாளிகள் சிகிச்சை பெறுவதையும் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்தே எழுதுகிறார். நம் மேடைகளில் முன்னதைச் சொல்வோர் பலர். பின்னதைச் சொல்வோர் இல்லை. சங்கிலி அக்காலத்திலும் இருந்தது. ஆனால் அதன் அருகே தினமும் ஒருவர் வந்து விசாரித்தார்.

கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரி மாரிஸ்தான் இவை எல்லாவற்றிலும் பெரிது. அதன் வக்ஃபு சொத்துக்களும் பெரியவை. அதனாலேயே அதன் நாளிர் பதவி ஆட்சியின் உயர் பதவிகளுள் ஒன்றாகி, மிகப் பெரிய அமீர்களுக்கே வழங்கப்படலாயிற்று. பதவி உயர்ந்த அளவுக்குப் பார்வை தூரமாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குச் சென்ற ஐரோப்பியப் பயணிகள், சிற்றறைகளில் சங்கிலியிடப்பட்டுக் கிடந்த மனிதர்களையே பெரும்பாலும் கண்டனர்.

கெய்ரோவைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா? நாம் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் சக மாணவர்களோடு ஏர்வாடிக்கு ஸியாரத் சென்றிருக்கிறோம். தர்காவைச் சுற்றிய கொட்டகைகளில் காலில் விலங்கிட்டவர்களைப் பார்த்தோம். ஒருவர் நம்மை அழைத்தார்; தம் அண்ணனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். கையிலிருந்த சில்லறையைக் கொடுத்துவிட்டு, அவருக்காக ஒரு துஆவும் கேட்டுவிட்டுப் பேருந்துக்கு விரைந்தோம். அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அப்படிப் பார்த்துக்கொள்பவரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்க நம்முள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹிஸ்பாவைப் பற்றிய பாடத்தை அதே ஆண்டில்தான் ஓதியிருந்தோம்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், அவ்வூரில் தனியார் ஒருவர் நடத்திவந்த காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். சில நாட்களில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன; 500க்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

அன்று சட்டம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் இன்றி எவரும் மனநோயாளர் விடுதி நடத்தலாகாது என்றும், பார்வையாளர் மூவரேனும் சேர்ந்து மாதம் ஒருமுறை மருத்துவமனையின் ஒவ்வொரு பகுதியையும் நேரில் பார்வையிட வேண்டும் என்றும் அது விதித்திருந்தது. இப்னு தூலூனின் வெள்ளிக்கிழமை, மாதம் ஒருமுறை என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது என்று சொல்லலாம். உரிமமே பெறாத கொட்டகைக்கு எந்தப் பார்வையாளர் போவார்?

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மாவட்ட அளவில் மறுஆய்வு வாரியங்கள் அமைய வேண்டும் என்கிறது. தம்மைத் தகாத முறையில் அடைத்து வைத்திருப்பதாகக் கருதுகிறவர் அந்த வாரியத்திடம் முறையிடலாம். நீதிபதி, ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவர்கள் ஆகியோரோடு, மனநோயின் துன்பத்தை அனுபவித்தவர்களோ அவர்களைப் பேணுகிறவர்களோ அதில் உறுப்பினராக அமரவும் இடமுண்டு. அதாவது, பழத்தை எறிந்தவரே நாளிராக வந்து உட்காரலாம்! தமிழ் முஸ்லிம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் இந்த வாரியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஏர்வாடியிலேயே பிற்பாடு அரசு மனநல மருத்துவர்கள் வந்து, துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது நமக்கு ஆறுதலான செய்தி.

அண்மையில் மீண்டும் அந்த மக்ரீஸி வாசகத்தை வகுப்பில் நடத்தினோம். பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, “ஹஜ்ரத், அவர் பைத்தியம் இல்லை என்று சொன்னாரே, அது உண்மையா என்று யாராவது விசாரித்தார்களா?” என்று கேட்டான்.

நூலை மறுபடியும் புரட்டிப் பார்த்தோம். காவலைக் கடுமையாக்கச் சொன்னதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.